பெங்களூரில் பிரெஞ்சு விருந்து: கேட்டுச் சாப்பிட 20 குறிப்புகள்

பெரிய உணவகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு வாரமோ பத்து நாளோ, 'தலைக்கு இவ்வளவு, மூன்று தட்டு' என்று விலையை முன்கூட்டியே சொல்லிச் சாப்பாடு போடுவதுதான் ரெஸ்டாரன்ட் வீக். 1992-ல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, 19 டாலர் 92 சென்ட்டுக்கு மதியச் சாப்பாடு என்று ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் 2010-ல் மும்பையில் தொடங்கி, பிறகு டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்தது. மற்ற நாட்களில் வாசலில் மாட்டியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டே நகர்ந்துவிடுகிற இடங்களுக்குள் நுழைந்து பார்க்க இதுதான் சமயம். பழைய விமான நிலையச் சாலை லீலா பேலஸின் லெ சர்க் சிக்னேச்சர், யூபி சிட்டியின் கஃபே நுவார் என்று பிரெஞ்சு வாசனையோடு பேர் வாங்கிய இடங்கள் நம் ஊரில் உண்டு. எந்த வருடம் எந்த உணவகம் சேர்கிறது என்பது மாறும். பட்டியல் வந்ததும் பாருங்கள். பிரெஞ்சுச் சாப்பாட்டில் விலையானாலும் சரி, உள்ளே போட்டிருக்கும் பொருளானாலும் சரி, மெனு அட்டை சொல்வது பாதிதான். மீதியை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. முதலில் வீட்டுத் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். அந்த நாட்களில் அமாவாசை, கிருத்திகை, சங்கடஹர சதுர்த்தி எங்கே விழுகின்றன, மாமியாருக்கு வியாழக்கிழமை விரதம் உண்டா, புரட்டாசி நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மேசை பிடியுங்கள். முன்பணம் கட்டிய பிறகு "அன்றைக்கு நான் கவிச்சி தொடமாட்டேனே" என்று ஒருவர் சொன்னால், மீன் தட்டுக்குக் கட்டிய காசு கட்டியதுதான்.

2. வெள்ளி, சனி ராத்திரிகளைத் தவிருங்கள். செவ்வாய், புதன் என்றால் சமையலறையும் கொஞ்சம் மூச்சு விடும், பரிமாறுகிறவரும் நின்று பதில் சொல்வார். ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று என இரண்டு பந்தி வைக்கும் இடங்களில் முதல் பந்தியே மேல். ஆனால் எத்தனை மணிக்கு எழுந்திருக்கச் சொல்வார்கள் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தட்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து முடிய ஒன்றே முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அவசரப்படுத்தினால் அங்கே போனதற்கே அர்த்தமில்லை. மதியச் சலுகை உண்டா என்பதையும் விசாரியுங்கள். பெரும்பாலும் இரவைவிட விலை குறைவாக இருக்கும், தட்டில் வருவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

3. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் மற்றதும் தனி என்று அர்த்தம். இரண்டு பேருக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நடக்கும் உணவகம் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 200 ரூபாய். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம், 720 ரூபாய். ஒரே வெங்காய சூப், ஒரே கோழி, 520 ரூபாய் வித்தியாசம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதன் வரி மாநில அரசின் கையில்.

4. சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்க முடியாது. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் மரியாதையாக எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நன்றாகப் பரிமாறிய பையனுக்குக் கையில் கொடுப்பது வேறு விஷயம். அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

5. உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" என்பார்கள். இரண்டுமே காசுத் தண்ணீர்தான். "ரெகுலர் வாட்டர்" என்று சொன்னால் போதும். பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் உணவகங்கள் விற்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால், பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

6. சைவர்கள் இந்தக் குறிப்பை நிதானமாகப் படிக்கவும். "ப்யூர் வெஜ்" என்று நீங்கள் சொல்ல, அவர் தலையாட்டுவார். இரண்டு பேர் மனசிலும் இருப்பது வேறு வேறு சைவமாக இருக்கலாம். அதனால் பொருள் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சூப்பும் சாஸும் எந்த ஸ்டாக்கில் வைத்தவை? பிரெஞ்சு வெங்காய சூப்பின் அசல் செய்முறை மாட்டெலும்பு ஸ்டாக். இங்கே கோழி ஸ்டாக்காக இருக்கலாம், காய்கறி ஸ்டாக்காகவும் இருக்கலாம். ஆலிவ் விழுதில், சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலியின் சொந்தக்காரனான ஆன்சோவி கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கீஷ் லொரெய்ன் என்ற முட்டை டார்ட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு உண்டு. மூஸ், பவாருவா மாதிரியான தளதள இனிப்புகளில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. சீஸில் ரெனெட் எதிலிருந்து எடுத்தது என்பது கடைசிக் கேள்வி. இத்தனையும் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். பதில் தெரியாத பையன் உள்ளே போய் ஷெஃப்பிடம் கேட்டு வருவான்; நல்ல உணவகத்துக்கு அதுதான் அடையாளம்.

பயமில்லாமல் கேட்கக்கூடியது ராட்டடூய். கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், தக்காளியை ஆலிவ் எண்ணெயில் வதக்கி வேகவைக்கும் தென் பிரான்ஸ் பதார்த்தம். பாலும் முட்டையும்கூட அதில் இல்லை. உருளைக்கிழங்கைப் பாலிலும் க்ரீமிலும் சுட்டெடுக்கும் கிராத்தான் தொஃபினுவாவும் பெரும்பாலும் சைவம்தான். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு மட்டும் என்னிடம் நல்ல செய்தி இல்லை. இந்தச் சமையலில் பாதிக்குமேல் வெங்காயத்தில்தான் தொடங்குகிறது. இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்து சொல்லிவைப்பது ஒன்றே வழி.

7. முட்டையைத் தனியாகக் கேளுங்கள். க்ரெம் ப்ருலே, சூஃப்லே, சாக்லெட் மூஸ், எக்லேர், மயோனைஸ், ஹாலண்டைஸ் சாஸ், எல்லாவற்றிலும் முட்டை. பாக்கெட் பண்டங்களில் முட்டை கலந்ததற்கும் பழுப்புக் குறி போடுகிறார்கள். மெனு அட்டையின் இனிப்புப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லாமல் விட்டிருப்பார்கள். 'இனிப்புதானே' என்று இருந்துவிடாதீர்கள்.

8. 'டெண்டர்லாயின்' என்று மட்டும் எழுதியிருந்தால் எதன் இறைச்சி என்று கேளுங்கள். கர்நாடகத்தில் 2020-ல் கொண்டுவந்த சட்டப்படி 13 வயதுக்கு மேற்பட்ட எருமையைத் தவிர மற்ற மாட்டினங்களை வெட்டத் தடை. ஆகவே நம் ஊர் மெனுவில் அது பெரும்பாலும் எருமை இறைச்சிதான். ஃபுவா க்ரா என்ற வாத்து ஈரலைத் தேடாதீர்கள். அதன் இறக்குமதியை இந்தியா 2014-லேயே தடை செய்துவிட்டது. வாத்தைச் சுவைக்க ஆசை என்றால் கோன்ஃபீ கேளுங்கள்: காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக மெதுவாக வேகவைத்தது. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும். ஸ்டேக் வாங்கினால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். நடுவில் சிவப்பு தெரிவது பிடிக்காதவர்கள் "வெல் டன்" என்று கூச்சப்படாமல் சொல்லலாம். 'டார்டார்' என்று இருந்தால் பச்சை இறைச்சி. கர்ப்பிணிகளும் பெரியவர்களும் வேண்டாம்.

9. மது தொடாதவர்கள் தட்டில் இருக்கும் மதுவையும் விசாரிக்க வேண்டும். கோக் ஓ வேன் என்பது கோழியைச் சிவப்பு ஒயினில் வேகவைப்பது. கொதித்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பது முழு உண்மையல்ல, கொஞ்சம் தங்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்முன் யோசியுங்கள். இனிப்பில் ரம், பிராந்தி தெளிப்பதும் சகஜம்.

10. மது அருந்துகிறவர்கள், விருந்து விலையில் ஒயின் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறக்குமதிப் பாட்டிலுக்குப் பதில் நந்தி மலையடிவாரத்துக் குரோவர் ஒயினை ஒரு கிளாஸ் வாங்கலாம். போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் என்ற ஒயின் நிபுணரே அவர்களுக்கு ஆலோசகராக இருந்தார். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

11. ஒரு மேசையில் இரண்டு பேர் ஒரே தட்டை வாங்காதீர்கள்.

12. சர்க்கரை வியாதிக்காரர்கள் கவனிக்க: உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் முக்கியமான தட்டு வரும். வீட்டில் சாப்பிடுகிற கணக்கில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு கிளம்பினால் வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடக்கூடும். எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கைப்பையில் நாலு பிஸ்கட் இருக்கட்டும்.

13. சின்னக் குழந்தைகளுக்கு விருந்து மெனு வேண்டாம். ஆறரை மணிக்கே வீட்டில் தயிர் சாதம் ஊட்டிவிட்டு, அங்கே ஒரு தட்டு உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வாங்கித் தந்தால் அவர்களும் சந்தோஷம், பக்கத்து மேசையும் சந்தோஷம். குழந்தைகளை அனுமதிப்பார்களா என்பதையும் போனிலேயே கேளுங்கள். சில இடங்களில் இரவில் விடுவதில்லை.

14. யூபி சிட்டிப் பக்கம் என்றால் மெட்ரோவில் கப்பன் பார்க்கில் இறங்கி ஆட்டோவோ நடையோ போதும். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம். ஆண்கள் அரை டிராயரும் ரப்பர் செருப்பும் போட்டு வந்தால்தான் வாசலில் தடுப்பார்கள்.

15. கத்தியும் முள்கரண்டியும் பரீட்சை இல்லை. வெளிப்பக்கம் இருப்பதை முதலில் எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் உள்நோக்கி வர வேண்டும், அவ்வளவே சட்டம். வலது கையில் கத்தி, இடது கையில் முள். இடது கையால் வாயில் உணவு வைப்பதா என்று நம் ஆட்கள் பலருக்கு உடம்பே கூசும். அதற்கும் வழி உண்டு: முதலில் ஒன்றிரண்டு துண்டு நறுக்கி, கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முள்ளை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்கர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. பேசுவதற்காக நிறுத்தினால் இரண்டையும் தட்டின் மேல் கூரை போலச் சாய்த்து வைத்தால் 'இன்னும் முடியவில்லை' என்று பொருள். சேர்த்து ஒரே பக்கமாக வைத்தால் தட்டை எடுத்துப் போய்விடுவார்கள். பாதி மீன் இருக்கும்போதே தட்டு மறைந்துவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழக வேண்டுமானால் செயின்ட் மார்க்ஸ் ரோடு கோஷீஸில் ஒரு கட்லெட்டை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

16. ரொட்டியைக் கையால்தான் பிய்க்க வேண்டும். இடது பக்கத்துச் சின்னத் தட்டுதான் உங்களுடையது. சும்மா வருகிறதே என்று இரண்டாவது கூடையும் கேட்டால் முக்கியமான தட்டு வரும்போது வயிற்றில் இடமிருக்காது. சாஸ் நன்றாக இருந்தால் ஒரு துண்டு ரொட்டியால் துடைத்துச் சாப்பிடலாம். பிரெஞ்சு வீடுகளிலேயே செய்கிற வேலை அது.

17. காரம் இல்லை என்று முதல் வாயிலேயே டொமேட்டோ கெட்சப் கேட்காதீர்கள். இந்தச் சமையலின் ருசி வெண்ணெயிலும், வற்றவைத்த சாறிலும், தைம், பார்ஸ்லி போன்ற இலைகளிலும் இருக்கிறது. நாலு வாய் போனால்தான் நாக்குக்குப் பிடிபடும். அப்போதும் சப்பென்றே இருந்தால் மிளகு அரைத்துப் போடச் சொல்லுங்கள். ஊறுகாய்ப் பொட்டலத்தை ஒளித்துக் கொண்டுபோகும் குடும்பங்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

18. 2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்து மரபைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, முதல் தட்டு, மீனோ இறைச்சியோ காய்கறியோடு, பிறகு சீஸ், கடைசியில் இனிப்பு என்று குறைந்தது நாலு வரிசையைச் சொன்னது. சலுகை விருந்தில் முதலில் வெட்டுப்படுவது அந்தச் சீஸ்தான். அதற்காக மனம் வருந்த வேண்டாம். ஆரோவில்லின் லா ஃபெர்ம் சீஸ், கொடைக்கானல் சீஸ், பெங்களூரில் வல்லொம்ப்ரோசா மடத்துப் பாதிரியார்கள் இத்தாலிய முறையில் செய்யும் புராட்டா, மொசரெல்லா என்று நம் பக்கத்திலேயே நல்ல சரக்கு இருக்கிறது. வாங்கிவந்து வீட்டில் சாப்பிடும்போது மிதமானதில் தொடங்கி வாசனை தூக்கலானதில் முடியுங்கள். ஃப்ரிஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு நறுக்குங்கள். குளிர்ந்த சீஸுக்கு ருசியே இல்லை.

ரெஸ்டாரன்ட் வீக் தவறிவிட்டால் 'கூ த ஃப்ரான்ஸ்' அறிவிப்பைக் கவனிக்கலாம். உலகம் முழுக்க உணவகங்கள் பிரெஞ்சு விருந்து வைக்கும் இந்த நிகழ்ச்சியைப் பிரான்ஸ் அரசு 2015-ல் தொடங்கியது. ஒரே நாளில் ஒரே மெனுவைப் பல நகரங்களில் பரிமாறவைத்த பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியேவின் 1912-ஆம் வருட யோசனைதான் அதற்கு வித்து. வசந்த் நகரிலுள்ள பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும்.

19. சாப்பிட்டதில் பிடித்ததை வீட்டில் செய்துபாருங்கள். வெங்காய சூப்தான் எளிது, பொறுமை மட்டும் வேண்டும். நாலு பேருக்கு முக்கால் கிலோ பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம் வதக்க வேண்டும். அடியில் ஒட்டும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். நிறமும் மணமும் அந்தச் சுரண்டலில்தான் இருக்கின்றன. சீக்கிரம் சிவக்க வேண்டுமென்று சர்க்கரை போடுகிறவர்கள் வெங்காயப் பாயசம்தான் குடிப்பார்கள். கருஞ்சிவப்பானதும் ஒரு கரண்டி மைதா தூவிப் புரட்டி, ஒரு லிட்டர் காய்கறி ஸ்டாக் விட்டு இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஸ்டாக்குக்குத் தனியாகச் செலவு வேண்டாம்: கேரட் நுனி, பீன்ஸ் காம்பு, காலிஃபிளவர் தண்டு, கொத்தமல்லித் தண்டு, பிரிஞ்சி இலை, பத்து மிளகு, எல்லாவற்றையும் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினால் ஆயிற்று. மொறுமொறுப்பாகச் சுட்ட ரொட்டித் துண்டின்மேல் சீஸ் துருவி, ஓடிஜியில் உருக்கி, சூப்பின்மேல் மிதக்கவிடுங்கள். ஓடிஜி இல்லையென்றால் மூடி போட்ட தோசைக்கல்லே போதும்.

முன்பு சொன்ன தைம் இலையையும் வீட்டிலேயே வளர்க்கலாம். அந்தச் செடிக்கு நம் ஊர்க் குளிர் நன்றாக ஒத்துவரும். லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போகும்போது ஒரு தொட்டி வாங்கி, வெயில் படும் பால்கனியில் வையுங்கள். தண்ணீரை மட்டும் அதிகம் ஊற்றாதீர்கள்.

20. கடைசியாக, பெங்களூர் கத்தரிக்காய் கிராத்தான். லால்பாக்கைப் பல வருடம் பார்த்துக்கொண்ட ஜான் கேமரன் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து பரப்பிய காய் என்பார்கள். ஹாப்காம்ஸ் கடையில் "சீமெ பதனெ" என்று கேளுங்கள். நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்க் குடியேறிய பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் இதே காயைத்தான் வெள்ளை சாஸ் ஊற்றிச் சுடுகிறார்கள். அங்கே சலாஸி என்ற மலைப்பகுதி இந்தக் காய்க்கே பேர்போனது. மூன்று காயைத் தோலும் கொட்டையும் நீக்கி, துண்டாக்கி, உப்புப் போட்டு வேகவையுங்கள். இந்தக் காயில் தண்ணீர் மிகுதி. வடிதட்டில் கொட்டி, கரண்டியால் அழுத்திப் பிழிந்தெடுக்காவிட்டால் கிராத்தான் கூட்டாகிவிடும். 30 கிராம் வெண்ணெயில் நறுக்கிய வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் வதக்கி, 30 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போகப் புரட்டி, 400 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியானதும் உப்பு, மிளகுத்தூள், துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகை. காயைக் கலந்து தட்டில் பரப்பி, மேலே 50 கிராம் சீஸ் தூவி, 200 டிகிரியில் இருபது நிமிடம் சுடுங்கள். மேற்பரப்பு பொன்னிறமாகிக் குமிழ் விட்டதும் எடுத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். முட்டை இல்லை, ஜெலட்டின் இல்லை, எந்த ஸ்டாக்கும் இல்லை. விரத நாளில் செய்வதானால் வெங்காயத்தையும் பூண்டையும் விட்டுவிடுங்கள். ருசி அவ்வளவாகக் குறையாது.